அறுபடாத் தொடர்பு

வீட்டின் அருகலை வழியாகக் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவர், பேச்சை நிறுத்தாமல் வாசலைக் கடந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார். சிறிது தூரம் சென்றதும் திரையில் தெரியும் முகம் அசைவற்று நின்றுவிடுகிறது. குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது. சில விநாடிகளுக்குப் பின் படம் மீண்டும் அசைகிறது. சில வேளைகளில் அழைப்பே துண்டிக்கப்படுகிறது. திறன்பேசித் திரையின் மேல்மூலையைப் பார்த்தால், அருகலையின் சின்னம் மறைந்து கைப்பேசி வலையமைப்பின் சின்னம் தோன்றியிருக்கும்.

அந்தச் சில விநாடிகள் எங்கே போயின? ஒரு வலையமைப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறும் வேலைதான் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால், ஆய்வாளர்கள் இதற்கென்றே சோதனைக் களம் ஒன்றை அமைத்து அளந்து பார்த்தபோது வேறு விடை கிடைத்தது. அந்த விடையைப் புரிந்துகொள்ள, முதலில் கைமாற்றம் என்பது என்ன என்று அறிய வேண்டும்.

கைமாற்றத்தின் தொடக்கம்

ஒரு நகரம் முழுவதற்கும் உயரமான ஒரே கோபுரத்தை அமைத்து வானொலி அலைகளை அனுப்பினால், ஒரே நேரத்தில் மிகச் சிலரே தொலைபேசியில் பேச முடியும். ஏனெனில், பேசும் ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை தேவை, அலைவரிசைகளோ குறைவு. இச்சிக்கலுக்கு 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் ஒரு தீர்வை எழுதி வைத்தார். நகரத்தைத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சிறு சிறு அறுகோணப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வலிமை குறைந்த ஒரு நிலையத்தை அமைக்கலாம் என்பதே அத்தீர்வு. அடுத்தடுத்த பகுதிகள் வெவ்வேறு அலைவரிசைகளைப் பயன்படுத்தும். தொலைவிலுள்ள பகுதிகள் அதே அலைவரிசைகளை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இத்தீர்வு புதிய சிக்கல் ஒன்றையும் கொண்டு வந்தது. பகுதிகள் சிறியவை என்பதால், காரில் பயணம் செய்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதியைக் கடந்து அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுவார். அப்போது பழைய நிலையம் அழைப்பைப் புதிய நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். தொடர் ஓட்டத்தில் ஓடுபவர் தம் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் கொடுப்பதைப் போன்றது இது. இதுவே கைமாற்றம் எனப்படுகிறது. அழைப்பு அறுபடாமல் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மாறும் முறைக்கு, பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியியலாளர் ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். 1978-இல் சிக்காகோ நகரில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 1983-இல் அதே நகரில் அமெரிக்காவின் முதல் வணிகக் கைப்பேசிச் சேவை தொடங்கியது.

ஒரே நிறுவனத்தின் ஒரே வகை நிலையங்களுக்கு இடையே நடைபெறும் இத்தகைய மாற்றத்தைக் கிடைமட்டக் கைமாற்றம் என்பர். இதில் ஒரு வசதி உண்டு. எல்லா நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பயனாளரின் கருவி எந்த நிலையத்தை நெருங்குகிறது, எந்த நிலையத்தை விட்டு விலகுகிறது என்பதை அந்நிறுவனத்தின் அமைப்பு தொடர்ந்து கவனித்து, ஏற்ற நேரத்தில் அழைப்பை மாற்றிவிடுகிறது.

இரு வேறு வலையமைப்புகள்

அருகலையிலிருந்து கைப்பேசி வலையமைப்புக்கு மாறுவது இவ்வளவு எளிதன்று. இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள். பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியவை. வேகம், பரப்பு, கட்டணம் ஆகியவற்றிலும் அவை வேறுபடுகின்றன. அருகலை ஒரு வீட்டையோ ஒரு கட்டடத்தையோ மட்டும் எட்டும். கைப்பேசி வலையமைப்பு நகரம் முழுவதும் பரவியிருக்கும். இத்தகைய வேறுபட்ட வலையமைப்புகளுக்கு இடையே நிகழும் மாற்றம் செங்குத்துக் கைமாற்றம் எனப்படும்.

செங்குத்துக் கைமாற்றத்தில் முகவரிச் சிக்கலும் எழுகிறது. இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தரப்படுகிறது. வலையமைப்பு மாறினால் முகவரியும் மாறும். வீடு மாறியவருக்கு வரும் கடிதங்கள் பழைய வீட்டுக்கே சென்றுகொண்டிருப்பதைப் போல, மறுமுனையில் இருப்பவர் அனுப்பும் தரவுகள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். இதைத் தீர்க்க 1996-இல் நகரும் இணைய நெறிமுறை என்னும் விதிமுறை வெளியிடப்பட்டது. வீடு மாறியவர் அஞ்சலகத்தில் புதிய முகவரியைப் பதிந்து வைத்தால், கடிதங்கள் அங்கே திருப்பிவிடப்படும் அல்லவா? அதைப் போலவே கருவியின் நிலையான முகவரிக்கு வரும் தரவுகளை ஒரு கணினி பெற்று, கருவி அப்போது இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பும்.

இவ்வாறு, மாறுவதற்கான வழி தெரிந்துவிட்டது. ஆனால், அவ்வழி பேச்சு அறுபடாத அளவுக்கு விரைவானதா? இக்கேள்விக்குத் தாளில் கணக்கிட்டு மட்டும் விடை சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும்.

சோதனைக் களம் எதற்கு?

புதிய முறையைச் சோதிக்க ஆய்வாளர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கணினியில் பாவனையாக ஒரு வலையமைப்பை உருவாக்குவது. இதற்குச் செலவு குறைவு. ஆயிரம் கருவிகளைக்கூட எளிதாக உருவாக்கிவிடலாம். எனினும், பாவனை உலகில் ஆய்வாளர் எழுதி வைத்தது மட்டுமே நடக்கும். அவர் நினைத்துப் பார்க்காத இடையூறு அங்கே எழாது. இரண்டாவது, பொதுமக்கள் பயன்படுத்தும் உண்மையான வலையமைப்பில் சோதிப்பது. அங்கே எல்லா இடையூறுகளும் இருக்கும். ஆனால், நிலையங்களின் உள்ளமைப்பை ஆய்வாளர் மாற்ற இயலாது. மாற்றினால் பிறருடைய அழைப்புகள் பாதிக்கப்படும்.

மூன்றாவது வழி சோதனைக் களம் அமைப்பது. இது இரண்டுக்கும் இடைப்பட்டது. கருவிகளும் அலைகளும் உண்மையானவை. ஆனால், அனைத்தும் ஆய்வாளரின் கட்டுப்பாட்டில் இருக்கும். எந்தப் பகுதியையும் திறந்து பார்க்கலாம், நிறுத்தலாம், மாற்றி எழுதலாம், ஒரே சோதனையைப் பலமுறை நடத்தலாம்.

கைமாற்றத்தை ஆராயும் சோதனைக் களத்துக்குச் சில உறுப்புகள் இன்றியமையாதவை. குறைந்தது இரண்டு வகை வலையமைப்புகள் வேண்டும். அவற்றின் வீச்செல்லைகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். இரண்டிலும் இணையக்கூடிய, இரு வானொலி அட்டைகள் பொருத்திய மடிக்கணினி போன்ற நகரும் கருவி வேண்டும். தரவுகளைத் தொடர்ந்து அனுப்பும் கணினி ஒன்றும், அவற்றைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் கணினி ஒன்றும் தேவை. இவற்றோடு, ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு பதிவு செய்யும் மென்பொருளும் வேண்டும்.

அளக்கும் முறை எளிமையானது. இணையத்தில் குரலும் படமும் முழுமையாக அனுப்பப்படுவதில்லை. சிறு சிறு தரவுப் பொதிகளாகப் பிரித்தே அனுப்பப்படுகின்றன. அனுப்பும் கணினி ஒவ்வொரு பொதிக்கும் 1, 2, 3 என வரிசை எண் இடுகிறது. நகரும் கருவி, தான் பெற்ற பொதியின் எண்ணையும் பெற்ற நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. பழைய வலையமைப்பின் வழி வந்த கடைசிப் பொதிக்கும், புதிய வலையமைப்பின் வழி வந்த முதல் பொதிக்கும் இடையிலான நேரம் பார்க்கப்படுகிறது. வரிசையில் விடுபட்ட எண்கள் எத்தனை பொதிகள் தொலைந்தன என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அளப்பது எளிது, ஒரே சோதனையை அதே வகையில் மீண்டும் நடத்துவதே கடினம். மடிக்கணினியைக் கையில் ஏந்தி ஒருவர் தாழ்வாரத்தில் நடந்தால், ஒவ்வொரு முறையும் அவர் நடக்கும் வேகம் சற்றே மாறும். கதவு ஒன்று மூடியிருக்கலாம். மின்தூக்கி கடந்து போகலாம். மனித உடல்கூட அலைகளின் வலிமையைக் குறைக்கும். ஆகவே, பல சோதனைக் களங்களில் கருவியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, அதற்கு வரும் சமிக்ஞையின் வலிமையைச் சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். அது நிலையத்தை விட்டு விலகிச் செல்வதற்கு ஒப்பாகும். பின்னர், உண்மையாகவே நடந்து பார்த்து, முடிவுகள் ஒத்துவருகின்றனவா எனச் சரிபார்ப்பார்கள்.

பெர்க்லியில் மூன்று அடுக்குகள்

1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இத்தகைய சோதனைக் களம் ஒன்று உருவானது. பேராசிரியர்கள் ரேண்டி காட்ஸ், எரிக் பிரூவர் ஆகியோரின் ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாக அது அமைந்தது. அக்காலத்தில் திறன்பேசி பரவலாக இல்லை. அருகலை என்னும் பெயரும் புழக்கத்தில் இல்லை. இருந்தபோதிலும், எல்லாத் தேவைகளையும் ஒரே கம்பியில்லா வலையமைப்பால் நிறைவேற்ற முடியாது என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். விரைவாகத் தரவு அனுப்பும் வலையமைப்பு குறுகிய இடத்தை மட்டுமே எட்டும். பரந்த இடத்தை எட்டும் வலையமைப்பு மெதுவாக இயங்கும். ஆகவே, பல வலையமைப்புகளை அடுக்கடுக்காக அமைத்து, கருவி அவற்றுக்கிடையே மாறிக்கொள்ளச் செய்வதே வழி என்று அவர்கள் கருதினார்கள்.

அவர்களின் களத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. முதல் அடுக்கு, ஓர் அறைக்குள் மட்டும் இயங்கும் அகச்சிவப்புக் கதிர் வலையமைப்பு. இரண்டாம் அடுக்கு, ஒரு கட்டடத்தை எட்டும் வேவ்லேன் என்னும் வானொலி வலையமைப்பு. அது விநாடிக்கு 20 லட்சம் பிட் தரவு அனுப்பக்கூடியது. மூன்றாம் அடுக்கு, அப்பகுதியில் பரவலாகக் கிடைத்த ரிக்கோஷே என்னும் வணிகச் சேவை. அதன் வேகம் மற்ற இரண்டையும்விட மிகவும் குறைவு. அறையை விட்டு வெளியேறினால் இரண்டாம் அடுக்குக்கும், கட்டடத்தை விட்டு வெளியேறினால் மூன்றாம் அடுக்குக்கும் கருவி தானாக மாற வேண்டும்.

குறுகிய வலையமைப்பிலிருந்து பரந்த வலையமைப்புக்கு மாறுவதை அவர்கள் மேல்நோக்கிய கைமாற்றம் என்றும், பரந்ததிலிருந்து குறுகியதற்கு மாறுவதைக் கீழ்நோக்கிய கைமாற்றம் என்றும் பிரித்தார்கள். இவற்றில் மேல்நோக்கிய கைமாற்றமே இக்கட்டானது. கட்டடத்துக்குள் நுழைபவருக்குப் பரந்த வலையமைப்பின் தொடர்பு அப்போதும் இருக்கும்; விரைவான வலையமைப்புக்குச் சற்றுத் தாமதமாக மாறினாலும் பேச்சு அறுபடாது. கட்டடத்தை விட்டு வெளியேறுபவருக்கோ, இருந்த தொடர்பே கைநழுவிப் போகிறது.

காலம் எங்கே போகிறது?

களத்தில் அமைத்த முதல் முறையை அளந்தபோதுதான் அந்த எதிர்பாராத விடை வெளிப்பட்டது. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேலைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பழைய வலையமைப்பு போய்விட்டது என்று கருவி அறிந்துகொள்வதற்கே பெரும்பகுதி நேரம் செலவாகியது. அந்த அறியும் நேரம் விநாடிக் கணக்கில் நீண்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒவ்வொரு நிலையமும் குறிப்பிட்ட இடைவெளியில் "நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத் தெரிவிக்கும் சிறு அறிவிப்புச் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கும். அச்சமிக்ஞை வந்தால் நிலையம் அருகில் இருக்கிறது என்று கருவி அறியும். ஆனால், நிலையம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் அதைச் சொல்ல எந்தச் சமிக்ஞையும் வராது. சமிக்ஞை வராததிலிருந்தே கருவி அதை ஊகிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நிலையம் விநாடிக்கு ஒருமுறை சமிக்ஞை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சமிக்ஞை வரவில்லை என்றால், அது இடையில் யாரோ குறுக்கே நடந்ததனால் தவறியிருக்கலாம். இரண்டு தவறினால் ஐயம் எழும். மூன்று தவறினால்தான் கருவி ஓரளவு உறுதியாக முடிவெடுக்க முடியும். அதற்குள் மூன்று விநாடிகள் கடந்துவிடும். இணையவழிக் குரல் அழைப்பில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதி அனுப்பப்படுவது வழக்கம். அப்படியானால், மூன்று விநாடிகளில் 150 பொதிகள் உரிய நேரத்தில் வந்து சேராமல் போகின்றன. ஒரு முழு வாக்கியமே கேட்காமல் போய்விடும்.

பாட்டுக் கேட்பவருக்கு இந்த இடைவெளி ஒரு சிறு தொல்லை. ஆனால், நோயாளியை ஏற்றிச் செல்லும் அவசர ஊர்தியிலிருந்து இதயத் துடிப்பின் வரைபடம் மருத்துவமனைக்கு நேரலையாக அனுப்பப்படும்போது, மூன்று விநாடி வெறுமை சாதாரணமானதன்று. திரையில் தெரிவது நோயாளியின் நிலையா, வலையமைப்பின் தடங்கலா என்று மருத்துவர் குழம்ப நேரிடும்.

விரைந்து அறிவதன் விலை

சிக்கல் அறிதலில் இருக்கிறது என்று தெரிந்ததும், பெர்க்லி ஆய்வாளர்கள் அதைச் சுருக்கும் வழிகளைத் தேடினார்கள். மார்க் ஸ்டெம், ரேண்டி காட்ஸ் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்வழிகள் விளக்கப்பட்டுள்ளன.

முதல் வழி, அறிவிப்புச் சமிக்ஞைகளை அடிக்கடி அனுப்புவது. விநாடிக்கு ஒன்று என்பதை விநாடிக்கு ஐந்து என மாற்றினால், மூன்று தவறியதை அறிய மூன்று விநாடிகளுக்குப் பதிலாக 0.6 விநாடி போதும். ஆனால், அந்தச் சமிக்ஞைகளும் அலைவரிசையில் இடம் பிடிக்கின்றன. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் கருவியின் மின்கலமும் விரைவில் தீரும்.

இரண்டாவது வழி, ஒரே தரவை இரண்டு வலையமைப்புகளின் வழியாகவும் ஒரே நேரத்தில் அனுப்புவது. ஒன்றில் பொதிகள் நின்றுபோனாலும் மற்றொன்றில் வந்துகொண்டிருக்கும். இதில் தாமதம் மிகக் குறைவு. எனினும், மெதுவான வலையமைப்பை எல்லா நேரமும் முழுமையாக நிரப்புவது பெரும் வீண்செலவு. மூன்றாவது வழி இதற்கு ஒரு திருத்தமாக அமைந்தது. முழுப் பொதியை அனுப்பாமல் அதன் தலைப்பை மட்டும் இரண்டாம் வலையமைப்பில் அனுப்பினால் போதும். பார்சலுக்கு முன்பே அதைப் பற்றிய குறுஞ்செய்தி வருவதைப் போன்றது இது. தலைப்புகள் ஒரு வழியில் வந்துகொண்டிருக்க, அவற்றுக்குரிய பொதிகள் மறுவழியில் வராவிட்டால், முதல் வலையமைப்பு போய்விட்டது என்று கருவி உடனே அறிந்துகொள்ளும்.

இம்மேம்பாடுகளால் அறைக்கும் கட்டடத்துக்கும் இடையிலான கைமாற்றம், மிகச் சிறந்த நிலையில், ஏறக்குறைய 170 மில்லிவிநாடிகளாகக் குறைந்தது. அதற்காக வலையமைப்பின் வளத்தில் 1.5 விழுக்காடு மட்டுமே கூடுதலாகச் செலவானது. கட்டடத்துக்கும் பரந்த வலையமைப்புக்கும் இடையிலான கைமாற்றம் ஏறக்குறைய 800 மில்லிவிநாடிகளாகக் குறைந்தது. முன்னர்ச் சொன்ன குரல் அழைப்பில் 170 மில்லிவிநாடி என்பது எட்டு அல்லது ஒன்பது பொதிகளுக்குச் சமம். ஒரு சொல்லின் ஓர் அசை மட்டும் மங்கலாம், வாக்கியம் காப்பாற்றப்படும்.

அவசரமும் தவறே

விரைவாக அறிவது நல்லது என்றால், ஒரே ஒரு சமிக்ஞை தவறியதும் மாறிவிடலாமே என்று தோன்றலாம். அதில் வேறோர் ஆபத்து உள்ளது. இரண்டு வலையமைப்புகளின் எல்லையில் நிற்பவரின் கருவி, ஒரு கணம் ஒன்றுக்கும் மறுகணம் மற்றொன்றுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். மேசைப்பந்தைப் போல அங்குமிங்கும் துள்ளும் இந்நிலையில், ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு தடங்கலை உண்டாக்கும். மின்கலமும் கரையும். ஆகவே, புதிய வலையமைப்பின் சமிக்ஞை பழையதைவிடச் சற்று வலிமையாக இருந்தால் மட்டும் மாறக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்கு வலிமை கூடி, குறிப்பிட்ட நேரம் அந்நிலை நீடித்தால்தான் மாற வேண்டும் என்று விதி வகுப்பார்கள். அந்த அளவையும் நேரத்தையும் எவ்வளவு என நிர்ணயிக்கவும் சோதனைக் களமே உதவுகிறது.

பின்னர் வந்த முயற்சிகள்

பெர்க்லிக்குப் பிறகு பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இத்தகைய களங்களை அமைத்தன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்பிட் என்னும் களம் உருவாக்கப்பட்டது. அங்கே ஒரு பெரிய கூடத்தில் வரிசைக்கு 20 வீதம் 20 வரிசைகளில் 400 கம்பியில்லாக் கருவிகள் ஒரு மீட்டர் இடைவெளியில் அமைக்கப்பட்டன. வெவ்வேறு இடங்களில் உள்ள ஆய்வாளர்களும் இணையம் வழியாக அதனைப் பயன்படுத்தித் தங்கள் சோதனைகளை நடத்த முடிந்தது. ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் அதே களத்தில் சரிபார்க்கவும் வழி பிறந்தது.

வேறுபட்ட வலையமைப்புகள் கைமாற்றத்துக்குத் தேவையான தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதற்கான பொது நெறிமுறை ஒன்று 2009-இல் வெளியிடப்பட்டது. 2013-இல் வெளிவந்த பல்வழி நெறிமுறை, ஒரே உரையாடலை அருகலை, கைப்பேசி வலையமைப்பு ஆகிய இரு வழிகளிலும் கொண்டு செல்ல இடமளித்தது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் சிரி குரல் உதவியில் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒரு வழி அறுந்த பின்னர் மறுவழியைத் தேடாமல், முன்கூட்டியே இரண்டையும் திறந்து வைத்திருக்கும் இம்முறை, பெர்க்லியில் சோதித்த இரட்டை அனுப்புதலுக்கு எண்ண அளவில் நெருக்கமானது.

இன்றும் இச்சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. விரைவு, செலவு, மின்கலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேயிருக்கின்றன. குரல் அழைப்புக்கு ஏற்ற விதி, கோப்பு இறக்குவதற்குத் தேவைப்படாது. நடப்பவருக்கு ஏற்ற விதி, விரைவு ரயிலில் செல்பவருக்குப் பொருந்தாது.

ஆனால், முயற்சியை எங்கே செலுத்த வேண்டும் என்பது அந்த முதல் அளவீட்டிலேயே தெளிவாகிவிட்டது. மூன்று விநாடித் தடங்கலில் மாறும் வேலை ஒரு சிறு பகுதியே என்றால், அதைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு உழைத்தாலும் பயனாளர் வேறுபாட்டை உணரமாட்டார். அளக்காமல் தொடங்கியிருந்தால், ஆய்வாளர்கள் பல ஆண்டுகளை அந்தச் சிறு பகுதியிலேயே செலவிட்டிருக்கக்கூடும். வரிசை எண் இட்ட பொதிகளும் நேரம் குறித்த பதிவேடும் அவர்களை அத்தவற்றிலிருந்து காத்தன.